ஒரே புளோக், பல அடுப்புகள்: வீவக கீழ்த்தளத்தில் அண்டைவீட்டார் விருந்து நடத்த முழுமையான வழிகாட்டி

சிங்கப்பூரில் பத்துப் பேரில் ஏறக்குறைய எட்டுப் பேர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில்தான் இருக்கிறோம். 1989-இல் வந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கை, எந்த இனத்தாரும் ஒரு புளோக்கில் ஒரு வரம்புக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்கிறது. அதனால் எதிர்வீட்டில் சீனக் குடும்பம், கோடி வீட்டில் மலாய்க் குடும்பம், மேலே பிலிப்பீன்ஸிலிருந்து வந்தவர்கள் என்று தானாகவே அமைந்துவிடுகிறது. ஆனால் பெரும்பாலும் லிஃப்டில் ஒரு தலையசைப்போடு உறவு முடிந்துவிடும். யார் யாருக்குப் பக்கத்தில் குடியிருக்கலாம் என்று கொள்கை சொல்லும். ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட வைப்பதை நாம்தான் செய்ய வேண்டும்.

இதற்குப் பெரிய பணமோ மேடையோ வேண்டாம். ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து போதும். ஆனால் இத்தகைய விருந்துகளில் பாதி, நல்ல எண்ணம் இருந்தும் சொதப்பிப் போகின்றன. காரணம் அநேகமாக ஒன்றேதான்: என்ன சமைக்கலாம் என்பதில் தொடங்குகிறார்கள். யார் எதைச் சாப்பிட மாட்டார்கள் என்பதை முதலில் கேட்டுவிட்டு, அதைச் சுற்றி விருந்தை அமைப்பதுதான் சரியான வரிசை.

முதலில் ஐந்தாறு பேர்

தனியாக இறங்காதீர்கள். ஒரு தமிழர் திட்டம் போட்டு மற்றவர்களை அழைத்தால் அது தமிழர் விருந்து, மற்றவர்கள் விருந்தாளிகள். மரியாதைக்கு வருவார்கள், அரை மணி நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். தொடக்கத்திலேயே ஒரு மலாய் வீட்டார், ஒரு சீன வீட்டார், முடிந்தால் அண்மையில் குடிவந்த ஒருவர், அப்புறம் புளோக்கில் எல்லாரையும் தெரிந்த ஒரு ஆன்ட்டி என்று ஒரு சின்னக் குழு சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆன்ட்டி ஒவ்வொரு புளோக்கிலும் கட்டாயம் இருப்பார். கீழே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்.

வட்டாரவாசிகளின் தொண்டூழியக் குழுவான வசிப்போர் கட்டமைப்பில் இருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மேசை நாற்காலி, அனுமதி விஷயங்களில் அவர்களுக்குப் பழக்கம் உண்டு. நாடாளுமன்ற உறுப்பினரை அழைக்கலாமா என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். என்னைக் கேட்டால், முதல் தடவை வேண்டாம். வந்தால் வரவேற்புரை, படம் எடுப்பது, அவர் வரும்வரை சாப்பாட்டைத் தொடாமல் காத்திருப்பது என்று வேறு நிகழ்ச்சியாகிவிடும். அழைத்தே ஆக வேண்டுமென்றால், எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரத்துக்கு வரச் சொல்லுங்கள்.

தேதி பார்ப்பது

இதுவே தனிக் கலை. ரமலான் மாதத்தில் பகல் விருந்து கூடாது. அந்த மாதத்தில்தான் வைப்பதென்றால் நோன்பு திறக்கும் நேரத்துக்கு வைக்கலாம், அது அழகாகவே அமையும். சீன நாட்காட்டியில் ஏழாம் மாதம், பெரும்பாலும் ஆகஸ்ட், செப்டம்பரில், முன்னோர் வழிபாட்டு விருந்துகளும் ஏலங்களும் நடப்பதால் இடம் கிடைப்பது கடினம். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் பல சீனப் பெரியவர்களுக்குச் சைவ நாள். ஒன்பதாம் மாதம் ஒன்பது பேரரசர் தெய்வ விழாவின்போது தொடர்ந்து சைவம் இருப்பவர்களும் உண்டு. நம் பக்கம் புரட்டாசிச் சனி, கந்த சஷ்டி, தைப்பூச விரதம். கிறித்தவர்களில் சிலருக்குத் தவக்காலம்.

எல்லாவற்றையும் தவிர்த்தால் நாளே மிஞ்சாது. ஆகவே, விரதத்தில் இருப்பவருக்கும் அன்று சாப்பிட ஏதாவது இருக்குமா என்று பாருங்கள், இருந்தால் போதும்.

ஜூலை 21-ஐப் பலர் சொல்வார்கள். 1964-இல் அதே நாளில்தான் இனக்கலவரம் வெடித்தது. அதை நினைவில் வைத்து 1997 முதல் பள்ளிகளில் இன நல்லிணக்க நாள் கொண்டாடுகிறார்கள். பொருத்தமான நாள்தான். ஆனால் அந்த வாரம் எல்லா இடத்திலும் நிகழ்ச்சி இருக்கும், பிள்ளைகளும் ஏற்கெனவே பள்ளியில் ஆளுக்கொரு இனத்தின் உடை போட்டு முடித்திருப்பார்கள். எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு ஞாயிறு எனக்குப் பிடித்தது. யாருடைய பண்டிகையும் இல்லை என்றால் யாரும் விருந்தாளியும் இல்லை.

ஞாயிறு என்றதும் ஒன்று. அது பெரும்பாலான பணிப்பெண்களுக்கு ஓய்வு நாள். மாதத்தில் ஒரு நாளாவது, சம்பளத்தை ஈடாகக் கொடுத்தும் பறிக்க முடியாத ஓய்வு நாள் தர வேண்டும் என்பது 2023 முதல் சட்டம். வீட்டுக்காரர் பெயரில் வரும் பதார்த்தத்தைச் சமைத்து, தூக்கிவந்து, பாத்திரமும் கழுவுபவர் பணிப்பெண்ணாகவே இருந்தால் இந்த விருந்துக்கு அர்த்தமில்லை. அவர்களைத் தனியாக, நேரில் அழையுங்கள். வர விரும்பினால் விருந்தாளியாக வரட்டும். இந்தோனேசிய, மியன்மார் சமையலை உங்கள் புளோக்கில் நன்றாக அறிந்தவர் அநேகமாக அவர்தான். சமைக்க ஆசைப்பட்டால் பதார்த்தத்தின் பக்கத்தில் வைக்கும் அட்டையில் அவர் பெயர் இருக்கட்டும்.

இடம்

புளோக்கின் அடியில் திறந்து கிடக்கும் கீழ்த்தளம் நகர மன்றத்தின் பொறுப்பில் உள்ளது. முன்பதிவு செய்து, கட்டணம் என்ன, வைப்புத்தொகை உண்டா, மின்சாரம், தண்ணீர் கிடைக்குமா என்றெல்லாம் அப்போதே கேட்டுவிடுங்கள். திறந்த நெருப்பில் சமைக்கும் எண்ணமே வேண்டாம். சூடு பண்ணுவதை வீட்டிலேயே முடித்துக் கொண்டுவரட்டும்.

அதே கீழ்த்தளத்தில்தான் மலாய்த் திருமணமும் நடக்கும், துக்க நிகழ்வும் நடக்கும். திருமணம் மாதங்களுக்கு முன்பே தெரிந்துவிடும், சாவு அப்படியில்லை. சீனக் குடும்பங்களின் துக்கம் மூன்று, ஐந்து, ஏழு நாள் என்று ஒற்றைப்படையில் நீளும். உங்கள் நாளுக்கு முந்தைய இரவு கூடாரம் போட்டிருந்தால், விருந்தைத் தள்ளிவையுங்கள் அல்லது வேறு புளோக்குக்கு மாற்றுங்கள். பேசிச் சமாளிக்கும் விஷயமில்லை இது. மாற்று நாளும் மாற்று இடமும் முதல் அறிவிப்பிலேயே இருந்தால் யாருக்கும் சங்கடமில்லை.

யார் எதைச் சாப்பிட மாட்டார்

விருந்து நிற்பதும் விழுவதும் இங்கேதான். நிதானமாகப் படியுங்கள்.

ஹலால் என்றால் பன்றி இல்லாதது என்று நினைப்பவர்கள் நிறைய. கோப்பிக்கடைகளில் பன்றி இல்லை, பன்றிக்கொழுப்பு இல்லை என்று எழுதியிருக்கும் பலகையைப் பார்த்திருப்பீர்கள். அது ஹலால் ஆகாது. கோழி முறைப்படி அறுக்கப்பட்டதா, சமையலில் சீன மதுவோ, மிரின் எனும் ஜப்பானிய அரிசி மதுவோ சேர்ந்ததா, அந்த வாணலியில் நேற்று என்ன வெந்தது, இத்தனையும் சேர்ந்ததுதான் ஹலால். முயிஸ் எனப்படும் இஸ்லாமிய சமய மன்றம் கடைகளுக்கும் உணவு விநியோகிப்பவர்களுக்கும்தான் சான்றிதழ் தருகிறது. நம் வீட்டு அடுப்படிக்கு அப்படி ஒன்று கிடையாது. ஆகவே முஸ்லிம் அல்லாதவர் நல்லெண்ணத்தோடு ஹலால் கோழி வாங்கிச் சமைத்தாலும், சில முஸ்லிம் அண்டைவீட்டார் சாப்பிடுவார்கள், சிலர் மாட்டார்கள். இரண்டும் அவர்கள் விருப்பம். யாரையும் வற்புறுத்தாதீர்கள், "ஒண்ணும் ஆகாது, சும்மா சாப்பிடுங்க" என்ற வார்த்தை வாயில் வரவே கூடாது.

நடைமுறையில் மூன்று மேசைகள் போதும். முஸ்லிம் வீடுகளிலிருந்தும் ஹலால் சான்றிதழ் உள்ள கடைகளிலிருந்தும் வருவது ஒரு மேசை. சைவம் ஒரு மேசை. மற்றவை ஒரு மேசை. சோறு எல்லாருக்கும் பொது என்பதால் அதை ஹலால் மேசைக்காரர்களிடமே ஒப்படையுங்கள், அல்லது சான்றிதழ் உள்ள கடையில் வாங்குங்கள். சோறு ஒன்றாக இருந்தால் வரிசை ஒன்றாக இருக்கும்.

பன்றி இறைச்சியும் மதுவும் வேண்டாம் என்று சொல்வதா? முதல் விருந்துக்குச் சொல்லலாம் என்பது என் கருத்து. ஆனால் அதைச் சீன அண்டைவீட்டார் வாயால் சொல்ல வையுங்கள். பெரும்பாலும் நீங்கள் கேட்பதற்கு முன்பே அவர்கள் சொல்லிவிடுவார்கள். அதே நியாயத்தில் மாட்டிறைச்சியையும் விட்டுவிடுங்கள். இந்துக்கள் மட்டுமல்ல, குவான் யின் தெய்வத்தை வணங்கும் சீனர் பலரும் மாட்டிறைச்சி தொடுவதில்லை. கோழி ரெண்டாங் கேட்டால் எந்த மக்சியும் (மலாய் ஆன்ட்டி) மறுத்ததாக நான் பார்த்ததில்லை.

சைவ மேசையில்தான் கண்ணிவெடிகள் அதிகம். நம் வீட்டுச் சைவத்தில் பாலும் நெய்யும் உண்டு, முட்டை கிடையாது. சீன பௌத்தச் சைவத்தில் வெங்காயம், பூண்டு, லீக்ஸ் வகையறா கிடையாது; ஆகவே சின்ன வெங்காயம் போட்ட சாம்பார் அவர்களுக்கு ஆகாது. மலாய் லொந்தோங்கில் (அமுக்கிய சோற்றுக் கட்டி) ஊற்றும் காய்கறிக் குழம்பு பார்வைக்குச் சைவம். மசாலாவில் உலர்ந்த இறால் அரைத்திருப்பார்கள். கங்கோங் கீரையில் பெலச்சான் எனும் இறால் விழுது, சீனக் கீரையில் சிப்பிச் சாறு. போலி இறைச்சி இன்னொரு கூத்து: மீன் மாதிரியே செதில் வரைந்து வைத்திருக்கும் சோயாத் துண்டைப் பார்த்துச் சைவப் பாட்டி ஒருவர் தட்டை அப்படியே கீழே வைத்துவிட்டு எழுந்துபோனதை எங்கள் புளோக்கில் பார்த்தேன். அதில் முட்டை வெள்ளை சேர்ந்த வகைகளும் உண்டு, பாக்கெட்டில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

அப்புறம் ஒவ்வாமை. சத்தே குழம்பிலும் கடோ கடோவிலும் வேர்க்கடலை. யூரேசியர் வீட்டு சூஜி கேக்கில் பாதாம். நம் பெருங்காயத் தூளில்கூட அநேகமாகக் கோதுமை மாவு கலந்திருக்கும், கோதுமை ஆகாதவருக்கு ரசமே வம்பு.

இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். கேளுங்கள். தகவல் பலகையில் தாள் ஒட்டினால் யாரும் படிக்க மாட்டார்கள், கதவைத் தட்டுங்கள். தியோச்சியு எனும் சீனக் கிளைமொழி மட்டும் பேசும் பாட்டி வீட்டுக்கு, பேசத் தெரிந்த சீன அண்டைவீட்டாரோடு போங்கள். கேள்வி இரண்டுதான்: உங்கள் வீட்டில் எது சாப்பிட மாட்டீர்கள்? உங்கள் கைக்கு எது நன்றாக வரும்? இரண்டாவது கேள்விக்கு முகம் மலர்வதைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

அளவு, சூடு, நேரம்

புதிதாக நடத்துபவர்கள் எல்லாரும் தேவைக்கு இரண்டு மடங்கு சமைக்க வைக்கிறார்கள். நூறு பேர், முப்பது பதார்த்தம் என்றால் ஒருவர் ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டிதான் எடுப்பார். ஒவ்வொரு வீடும் எட்டு முதல் பத்துப் பேர் பக்கத்துணையாகத் தொட்டுக்கொள்ளும் அளவு கொண்டுவந்தால் ஏராளம். சோறு தனிச் சாப்பாட்டுக்குக் கிலோவுக்குப் பத்துப் பேர் என்றால், இவ்வளவு பக்கத்துணை இருக்கும்போது பதின்மூன்று பதினான்கு பேருக்கு வரும். எல்லாரும் பிரியாணியே கொண்டுவராமல் இருக்க வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் ஓடட்டும். ஆனால் ரொம்பவும் கண்டிப்பு வேண்டாம். இரண்டு வீட்டுச் சம்பால் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அதுவே பேச்சுக்கு விஷயமாகிவிடும்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமி வேகமாகப் பெருகும். கீழ்த்தளத்தின் வெப்பம் எப்போதும் அந்த இடைவெளியில்தான். சமைத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பது நல்ல விதி. ஐந்தரை மணிக்குச் சாப்பாடு என்றால் காலையில் சமைத்து மேசையில் மூடி வைப்பது ஆகாது. மதியத்துக்கு மேல் அடுப்பு பற்றவைக்கட்டும். தேங்காய்ப்பால் சேர்ந்தவையும் வெந்த சோறும் சீக்கிரம் கெடும். தயிர்சாதம் கொண்டுவருபவர் பனிப்பெட்டியில் கொண்டுவரட்டும். மிச்சத்தை யாரும் வீட்டுக்குக் கட்டிக்கொண்டு போக வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டார்கள்தான், இருந்தாலும் குழம்பு வகைகளுக்காவது சொல்லுங்கள்.

மேசை, கரண்டி, அட்டை

சைவ மேசை வரிசையின் தொடக்கத்தில் வரட்டும். கடைசியில் வைத்தால், கறிக்குழம்பில் கிடந்த கரண்டி கூட்டத்தோடு நகர்ந்து அவியலுக்குள் வந்து விழும். ஹலால் மேசைக்குத் தனித் தட்டு, தனிக் கரண்டி, பக்கத்தில் எப்போதும் ஒருவர். ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் ஒரு கரண்டி, அதன் பிடியில் வண்ண நாடா: பச்சை சைவத்துக்கு, நீலம் ஹலாலுக்கு. பார்த்தவுடன் பிள்ளைகளுக்கே புரிந்துவிடும்.

அட்டையில் பதார்த்தத்தின் பெயர், செய்தவர் பெயர், எத்தனையாவது மாடி, உள்ளே இருப்பவை. முட்டை, பால், வேர்க்கடலை, இறால், கோதுமை, வெங்காயம் பூண்டு ஆகியவற்றைப் படமாக வரைந்துவிட்டால் நான்கு மொழியில் எழுதும் வேலை மிச்சம். மாடி எண்ணை ஏன் போடச் சொல்கிறேன் என்றால், "நீங்களா பதினொன்றாம் மாடி? தினமும் சாயங்காலம் வாசனை வருமே!" என்று பேச்சு தொடங்குவது அதிலிருந்துதான்.

உட்காரும் இடத்தை விட்டுவிட்டால் தமிழர் தமிழரோடு, சீனர் சீனரோடு உட்கார்ந்துவிடுவார்கள். அதற்காக இனம் பார்த்துக் கலந்து உட்கார வைத்தால் செயற்கையாகத் தெரியும். மாடிவாரியாக மேசை போடுங்கள்: 2 முதல் 4 வரை ஒன்று, 5 முதல் 7 வரை ஒன்று. இனக் கலப்பு தானாகவே வந்துவிடும், நாளை லிஃப்டில் பார்க்கப்போகும் முகங்களும் அவைதான்.

மாவு பிசையும் மேசை

சாப்பிட மட்டும் கூப்பிட்டால் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். கையில் வேலை கொடுத்தால் உட்காருவார்கள். விருந்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, நாலரை மணிக்கு, ஒரு நீள மேசையில் மூன்று மாவு வையுங்கள்: மலாய் ஓண்டே ஓண்டே, சீனத் தாங்யுவான், நம் கொழுக்கட்டை. மூன்று வீட்டுப் பாட்டிகளும் அரிசி மாவில் இனிப்பு வைத்து மூடுகிற வேலையைத்தான் செய்கிறார்கள். ஆனால் பக்குவம் வேறு வேறு, பேச்சு சுவாரசியமாவது அந்த வேறுபாட்டில்தான்.

ஓண்டே ஓண்டேக்கும் தாங்யுவானுக்கும் பசை அரிசி மாவு. வெதுவெதுப்பான நீர் விட்டாலே இழுபடும். ஓண்டே ஓண்டே மாவில் பண்டான் சாறு. உள்ளே குலா மலாக்கா எனும் தென்னை வெல்லத் துண்டு. கொதிநீரில் போட்டு மேலே மிதந்ததும் எடுத்துத் தேங்காய்த் துருவலில் புரட்ட வேண்டும். கொழுக்கட்டைக்கு நம் சாதாரண அரிசி மாவு, அதற்குக் கொதிக்கக் கொதிக்க நீர் ஊற்றிப் பிசைந்தால்தான் விரியாமல் சொப்பு வரும். ஆறிய நீர் ஊற்றியவர் கையில் மாவு பிளக்கும். பிளந்ததும் பக்கத்துப் பாட்டி சிரித்துக்கொண்டே தன் மாவிலிருந்து ஒரு உருண்டை கிள்ளித் தருவார். பிசைந்த மாவு காற்றில் காய்ந்துவிடும், ஈரத்துணி போட்டு மூடி வையுங்கள்.

தாங்யுவானில் ஒரு எச்சரிக்கை. பாரம்பரியக் கறுப்பு எள் பூரணத்தைப் பன்றிக்கொழுப்பில்தான் குழைப்பார்கள். கடையில் வாங்கினால் ஹலால் முத்திரை பாருங்கள், வீட்டில் செய்தால் தேங்காய் எண்ணெய் போதும். வேர்க்கடலைப் பூரணத்தை ஒவ்வாமை கருதி விட்டுவிடலாம். உருட்டியவற்றை இரண்டாம் அல்லது மூன்றாம் மாடியில் ஒரு மலாய் வீட்டு அடுப்பில் வேகவைத்துக் கீழே இறக்கினால் எல்லாரும் சாப்பிடலாம். மூன்றிலும் வெங்காயமில்லை, முட்டையில்லை. பௌத்தச் சைவருக்கும் சரி, நம் பாட்டிக்கும் சரி. பிள்ளைகளிடம் மட்டும் சொல்லி வையுங்கள்: சுடச்சுட ஓண்டே ஓண்டேயைக் கடித்தால் உள்ளே உருகிய வெல்லம் நாக்கைப் பொசுக்கிவிடும்.

அன்று மாலை

ஐந்தரைக்குச் சாப்பாடு தொடங்கட்டும். பேச்சாளர் வேண்டாம், வரவேற்பு இரண்டு நிமிடம், மேசைகள் எது எது என்று விளக்கம் ஒரு நிமிடம். கையால் சாப்பிடுபவர்களுக்குக் கை கழுவத் தண்ணீர், குச்சியால் சாப்பிடுபவர்களுக்குக் குச்சி, தட்டை வீட்டிலிருந்தே கொண்டுவரச் சொன்னால் குப்பை பாதியாகும். மின்விசிறி இரண்டு கூடுதலாக வையுங்கள்.

ஏழு மணியை ஒட்டி, சூரியன் மறைந்ததும் செய்யும் மக்ரிப் தொழுகை. முஸ்லிம் அண்டைவீட்டார் மேலே போய்த் தொழுதுவிட்டு வருவார்கள் என்பதைக் கணக்கில் வைத்து, இனிப்பை ஏழரைக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் திரும்பி வரும்போது தங்கள் பிள்ளைகள் உருட்டியது தீர்ந்துபோயிருக்கக் கூடாது. ஒலிபெருக்கி வேண்டாம். மேலே இரண்டாம் மாடியில் கைக்குழந்தை இருக்கும், இரவு வேலைக்குப் போகிறவர் தூங்கிக்கொண்டிருப்பார். பத்து மணிக்குள் மேசை மடக்கி, தரை கூட்டி, எண்ணெய்க் கறை துடைத்து முடித்துவிடுங்கள். காலையில் துப்புரவு ஊழியர் வந்து பார்க்கும்போது அவருக்குக் கூடுதல் வேலை இருக்கக் கூடாது. அவருக்கும் ஒரு பொட்டலம் எடுத்து வைக்க நினைத்தால், முந்தைய நாளே கேட்டு அவர் வேலை நேரத்தில் கையில் கொடுங்கள்.

மறுநாள்

பெயர் எழுதாத பாத்திரங்கள் எப்படியும் நான்கைந்து மிஞ்சும். படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். சம்பந்தப்பட்டவர் வீட்டுக்கே போய்க் கொடுத்தால் இன்னும் நல்லது. வரவு செலவையும் அதே குழுவில், சில்லறைவரை எழுதிவிடுங்கள். பணம் மிஞ்சினால் திருப்பித் தருவதா அடுத்த தடவைக்கு வைப்பதா என்று கேட்டுச் செய்யுங்கள்.

வராத வீடுகளையும் ஒருமுறை விசாரியுங்கள். சிலருக்கு வேலை, சிலருக்குக் கூட்டம் பிடிக்காது, சிலர் சமைக்கத் தெரியாது என்ற வெட்கத்தில் வந்திருக்க மாட்டார்கள். கடைசி வகையினரிடம் அடுத்த முறை பனிக்கட்டி, பழம், நாற்காலி அடுக்குவது என்று ஏதாவது ஒன்றை ஒப்படைத்துவிடுங்கள். அடுத்த விருந்துக்கான பொறுப்பு உங்கள் வீட்டில் இருக்க வேண்டாம். அதை வேறு மாடிக்காரர் ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவர் கேட்டால் மட்டும் உங்கள் பட்டியலையும் வண்ண நாடாவையும் தாருங்கள்.